பாலம் வேண்டும், பாசனம் அடைபடக் கூடாது!

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக அச்சிட்டிருக்கிறோம். படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! களை பறித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற விவசாயத் தொழிலாளர்களே!

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் பாலத்துக்கு விரோதி இல்லை. நாளைக்கு டீக்கடையில் யாராவது, "இந்தச் சங்கத்துக்காரங்க ரோடே வேணாங்குறாங்க" என்று பேசினால், இந்தப் பிரசுரத்தை அவர் கையில் கொடுங்கள்.

நம்ம கோயில் ஊரில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா? தேர் ஓடுவதற்குப் போட்ட வீதி அது. அதில் இன்றைக்கு சிமெண்ட் லாரி போகுது, டாரஸ் லாரி போகுது. ஒரு பக்கம் கோயில் மதில், ஒரு பக்கம் கடை. எதிரே ஒரு பஸ் வந்தால் ரெண்டும் நகராது. நெல் மூட்டை ஏற்றின டிராக்டர் கொள்முதல் நிலையத்துக்குப் போக முடியாமல் அந்த வீதியில் மணிக்கணக்கில் நிற்குது. பிரசவ வலியோடு ஆட்டோவில் போன நம்ம ஊர்ப் பெண் அந்த நெரிசலில் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? ஊருக்கு வெளியே சாலை வேண்டும், ஆற்றின் மேல் புதுப் பாலம் வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு.

அப்படியானால் எதற்கு இந்தக் கூட்டம்?

பாலம் ஆற்றின் மேல் தூணில் நிற்கும். தண்ணீர் அதன் கீழே போகும். ஆனால் பாலம் முடிகிற இடத்தில் இருந்து சாலை நம்ம வயலுக்குள் மண்மேடாக இறங்குது. ஆற்றுக்கு அது பாலம். வயலுக்கு அது அணை. இதுதான் பிரச்சினை.

திருவையாறு சொல்லும் பாடம்

திருவையாறு எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஐயாறப்பர் கோயில், 1847இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி, தை மாதத்தில் ஆராதனைக் கூட்டம், ஆடி அமாவாசைக்குப் படித்துறைக் கூட்டம், ஏழு ஊர் சுற்றி வரும் பல்லக்குத் திருவிழா. அரியலூர் சாலை, கும்பகோணம் சாலை, கல்லணை சாலை, தஞ்சாவூர் சாலை எல்லாம் அந்தச் சின்ன ஊருக்குள் வந்துதான் முட்டுது. புறவழிச்சாலை தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தப் பூமியின் அமைப்பைப் பாருங்கள். தஞ்சாவூரில் இருந்து வடக்கே போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஐந்தும் மேற்கே இருந்து கிழக்கே ஓடுது. அதில் இருந்து பிரிகிற வாய்க்காலும் பெரும்பாலும் கிழக்கு நோக்கித்தான் ஓடும். சாலையோ தெற்கே இருந்து வடக்கே போகுது. அப்படிப் போகிற சாலை ஆற்றை மட்டும் வெட்டாது. ரெண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற பாசன வாய்க்கால், கன்னி வாய்க்கால், வடிகால் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டும். ஆற்றுக்குப் பெரிய பாலம் போட்டே ஆக வேண்டும், அதற்கு வரைபடம் உண்டு, பணம் உண்டு. நம்ம வாய்க்காலுக்கு ஒரு சிமெண்ட் குழாய்!

2023 ஜனவரியில் என்ன நடந்தது? திருவையாறு புறவழிச்சாலை வேலையில், கண்டியூர்ப் பக்கம் நின்ற பயிர் மேல் மண் கொட்டினார்கள். விவசாயிகள் வயலில் இறங்கிப் போராடினார்கள். ஜனவரி என்றால் சம்பா கதிர் முற்றுகிற காலம். சில வாரம் பொறுத்தால் அறுத்திருப்பார்கள். திட்டம் போட ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள், பயிர் அறுக்க மட்டும் நேரம் தரக் கூடாதா?

இப்போது நம்ம வயலிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல் வந்து நிற்குது. கோயில் ஊர் நெரிசலைக் குறைக்கப் பாலம், அதற்கு இணைப்புச் சாலை என்கிறார்கள். அந்தக் கல் வரிசையை ஒட்டி நாமே நடந்து பார்த்தோம். குறுக்கே வந்த வாய்க்காலையும் வடிகாலையும் எண்ணினோம், பதினொன்று. அளக்க வந்தவர்கள் காட்டிய வரைபடத்தில் நான்குதான் இருந்தது. "மற்றதெல்லாம் எங்கே சார்?" என்று கேட்டோம். "அதெல்லாம் வேலை நடக்கும்போது பாத்துக்கலாங்க" என்றார் வந்தவர். வேலை நடக்கும்போது அவர் வேறு ஊரில் இருப்பார். நாம் இங்கேதான் இருப்போம்.

மண்மேடு என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலையின் மேல் அகலம் 12 மீட்டர், உயரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கச் சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் என்றால் மேட்டின் அடி அகலம் 28 மீட்டர். பக்கத்துக்கு ஒரு மீட்டர் விட்டால் 30. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 3 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஏழரை ஏக்கர் நஞ்சை போகும். நம்ம கணக்கில் 22 மா, ஒரு வேலிக்கும் மேலே. ஏக்கருக்கு 30 மூட்டை என்று போட்டாலும் ஒரு போகத்துக்கு 220 மூட்டைக்கு மேல் நெல் போச்சு.

மண் எவ்வளவு வேண்டும்? அதே கணக்கில் கிலோமீட்டருக்கு 80,000 கன மீட்டர். ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர் என்றால் 8,000 நடை. அந்த மண் வானத்தில் இருந்து வராது. எந்த ஏரியில், எந்தப் படுகையில் வெட்டுவார்கள், எவ்வளவு ஆழம் வெட்டுவார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து விழுந்தது நினைவிருக்கும். தூணின் அடியில் மணல் இல்லாவிட்டால் எந்தப் பாலமும் நிற்காது. மண்ணும் மணலும் எங்கே அள்ளுவது என்பதையும் சேர்த்துத் தீர்மானிப்பதுதான் பாலத் திட்டம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய ஆபத்து தண்ணீர்தான். வாய்க்கால் எட்டு அடி அகலம், குழாய் மூன்று அடி. முதல் மழையில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் வந்து குழாய் வாயில் அடைக்கும். குழாயின் அடிமட்டத்தை வாய்க்காலின் அடிமட்டத்தை விட அரை அடி மேலே வைத்துவிட்டால் மேல்பக்கம் எப்போதும் அரை அடித் தண்ணீர் நிற்கும். வடிகாலில் இப்படிச் செய்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்குப் பக்க வயல் மூழ்கும், பயிர் அழுகும். அதே நேரத்தில் கிழக்குப் பக்கம் கடைமடையில் தண்ணீர் ஏறாது. ஒரே சாலை, ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. சாலைக்கு நிலம் கொடுத்தவனுக்காவது ஏதோ நஷ்டஈடு வரும். மூழ்கிற வயல்காரனுக்கு ஒரு பைசா வராது. அவன் நிலத்தில் கல்லே நடவில்லையே!

கல்லுக்கு மீட்டர் இருக்கு

பழைய கோயிலைக் காக்கச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். மத்தியத் தொல்லியல் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். 1958ஆம் வருடச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இது. கோயிலின் ஓரமாகச் சாலையை அகலப்படுத்த முடியாது என்றதும் கோடு எங்கே நகரும்? வயலுக்கு! கடைத்தெரு கத்தும், வயல் கத்தாது என்று நினைக்கிறார்கள்.

கல்லுக்கு 100 மீட்டர், 200 மீட்டர் என்று அளவு இருக்கு. வாய்க்காலுக்கு எத்தனை மீட்டர்? பயிருக்கு எத்தனை மீட்டர்?

2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் சட்டம். நாமும் வரவேற்றோம். ஆனால் சாலை போன்ற கட்டமைப்பு வேலைகளுக்கு அந்தச் சட்டம் தடை இல்லை. அதனால் "மண்டலம் அறிவிச்சாச்சு, இனி நிலம் பத்திரம்" என்று யாரும் தூங்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலை இராஜராஜ சோழன் 1010இல் கட்டி முடித்தான். அந்தக் கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. குடியிருப்பு, குளம், சுடுகாடு, ஊருக்கு நடுவே போகிற வாய்க்கால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழித்துவிட்டுத்தான் வரிநிலத்தை எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே வாய்க்காலை எண்ணி எழுதினார்கள். கம்ப்யூட்டர் காலத்தில் வாய்க்கால் வரைபடத்தில் இல்லை! கோயில் பாரம்பரியம் என்றால், அந்தக் கோயிலுக்குப் படியளந்த வாய்க்காலும் பாரம்பரியம்தான்.

வெளியூர் நடப்பு

கர்நாடகத்தில் ஹம்பிக்கும் ஆனேகுந்திக்கும் நடுவில் துங்கபத்திரை மேல் ஒரு பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். பாரம்பரியப் பகுதியில் இப்படிக் கட்டலாமா என்று கேள்வி எழுந்தது. 1999இல் ஹம்பியை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2006இல்தான் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். 2009 ஜனவரியில், கட்டிக்கொண்டிருக்கும்போதே பாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் செத்தார்கள். முதலிலேயே இடத்தைச் சரியாகப் பார்க்காமல் ஆரம்பித்ததற்குக் கொடுத்த விலை அத்தனை வருஷம், அத்தனை பணம், அத்தனை உயிர்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் என்று ஒரு பழைய நகரம், எல்பா ஆற்றங்கரையில். அங்கேயும் நெரிசலுக்குப் பாலம் வேண்டும் என்றார்கள். 2005இல் ஊர் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். மக்கள் பாலம் வேண்டும் என்றார்கள். அதைக் கட்டப் போய் 2009இல் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டது. 2013இல் பாலம் திறந்தார்கள். அவர்கள் செய்தது சரியா தப்பா என்பது அவர்கள் ஊர் விஷயம். நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அங்கே ஜனங்களைக் கேட்டார்கள். இங்கே நம்மை யார் கேட்டார்கள்? வரப்பில் கல் நட்ட பிறகுதானே நமக்கே தெரிந்தது!

குத்தகைக்காரனை மறக்காதே

நம்ம பக்கம் நிறைய நிலம் கோயில் நிலம், மடத்து நிலம். உழுகிறவன் குத்தகைக்காரன். நிலத்தை எடுத்தால் நிலத்துக்குரிய பணம் கோயில் கணக்குக்குப் போகும். மூன்று தலைமுறையாக உழுதவன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா? கோயில் வீதியின் நெரிசலைத் தீர்க்க, கோயிலுக்கு நெல் அளந்தவனின் அடுப்பை அணைக்கலாமா?

2013 நிலம் எடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் பட்டாதாரர் மட்டும் இல்லை. மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர் குடும்பமும் அதில் வரும். ஆனால் காகிதம் வேண்டும். 1969ஆம் வருடக் குத்தகைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யாதவர்கள் உடனே பதிவுக்கு மனுக் கொடுங்கள். குத்தகை ரசீதைப் பரணில் போடாமல் பத்திரமாக வையுங்கள். அடங்கலில் உங்கள் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள்.

சட்டத்தில் நமக்கு இருப்பதும் இல்லாததும்

உள்ளதை உள்ளபடி சொல்கிறோம், ஏமாற்றிப் பேச மாட்டோம். 2013 சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க ஆய்வு, மாநில நெடுஞ்சாலைக்கு எடுக்கிற நிலத்துக்குத் தமிழ்நாட்டில் பொருந்தாது. மாநிலத்தின் 2001 நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே கோர்ட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது.

ஆனால் நஷ்டஈடு 2013 சட்டப்படிதான். சந்தை மதிப்பு, கிராமப்புறத்துக்கு ஒன்று முதல் இரண்டு வரை பெருக்கல், அதன் மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை. நின்ற பயிருக்கும் மரத்துக்கும் தனிப் பணம் உண்டு. நிலம் ரெண்டாகத் துண்டானால் அந்த நஷ்டத்துக்கும் தனியாகக் கேட்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டம். அதில் முதல் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். 22ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். மாநிலச் சாலை என்றால் நோட்டீசில் போட்டிருக்கிற தேதியைப் பாருங்கள். நோட்டீசை வாங்க மறுக்காதீர்கள். வாங்குங்கள், தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அன்றைக்கே சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நம் கோரிக்கைகள்

1. கோடு போடுவதற்கு முன்னால் தண்ணீர் வரைபடம் போடு! ஒவ்வொரு வாய்க்கால், வடிகால், வண்டிப்பாதையையும் விவசாயிகளோடு நடந்து எண்ணி, கிராம சபையில் படித்துக்காட்டு!

2. வாய்க்காலும் வடிகாலும் நெருக்கமாக உள்ள இடத்தில் இணைப்புச் சாலையைத் தூண் மேல் கொண்டுபோ! செலவு கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும். வருஷா வருஷம் மூழ்கிற பயிரின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

3. மண்மேடு தவிர்க்க முடியாத இடத்தில் குழாய் வேண்டாம். வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பெட்டிப் பாலம் வேண்டும். அதன் அடிமட்டம் வாய்க்காலின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும்.

4. புறம்போக்கையும் இருக்கிற சாலையையும் முதலில் பயன்படுத்து! நஞ்சையைக் கடைசியில் தொடு!

5. நிற்கிற பயிரின் மேல் ஒரு கூடை மண்ணும் விழக் கூடாது. சம்பா அறுவடை முடிந்த பிறகு, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் வயலில் மண் வேலையை முடி!

6. குத்தகைதாரருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் எழுத்தில் உரிமை கொடு! துண்டான நிலத்துக்கு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போகிற வழி கொடு!

7. எந்த இடத்து மண், எவ்வளவு ஆழம் என்பதை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டு!

நாம் செய்ய வேண்டியது

கோபம் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பேர் குழு போடுங்கள், அதில் ரெண்டு பேர் பெண்கள். கல் வரிசையை ஒட்டி நடங்கள். வாய்க்காலின் அகலம், ஆழம், அது எத்தனை மா நிலத்துக்குப் பாயுது என்று நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் ஓடும்போது ஒரு போட்டோ, மழையில் வடியும்போது ஒரு போட்டோ. புல வரைபடத்தின் நகல் வாங்குங்கள். பத்து ரூபாய் கட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். கையில் நோட்டோடு போகிறவனை, "பாத்துக்கலாங்க" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அந்த நோட்டுகளோடு கலெக்டர் ஆபீஸ் போகிறோம். தனி ஆள் மனு குப்பைக் கூடைக்குப் போகும். ஊரே போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள்.

பாலத்தில் முதல் வண்டி போகிற அன்றைக்கு நாமும் கை தட்டத்தான் ஆசைப்படுகிறோம். ஆனால் அந்தப் பாலத்தில் இருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் பச்சை தெரியணும். ஒரு பக்கம் தண்ணீரில் அழுகிய பயிரும் மறுபக்கம் வெடித்த வயலும் தெரிந்தால், அது யாருக்குக் கட்டிய பாலம்?

விவசாயிகளே! குத்தகைதாரர்களே! தொழிலாளர்களே! கட்சி பார்க்காமல், சாதி பார்க்காமல், மேல்மடை கடைமடை பார்க்காமல் திரண்டு வாருங்கள்!

பாலம் வேண்டும்! பாசனம் அடைபடக் கூடாது!

கல்லுக்கு மீட்டர் இருக்கு! பயிருக்கு மீட்டர் எங்கே?

கோடு போடும் முன்னே ஊரைக் கேள்!